ஹாங்காங் 1997: ஒரே வீட்டில் அக்காவுக்குக் கிடைத்த குடியுரிமை தம்பிக்கு ஏன் கிடைக்கவில்லை?

முத்துக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் தாய்வழிப் பாட்டனார் காயல்பட்டினத்திலிருந்து இரத்தினக்கல் வணிகத்துக்காக ஹாங்காங் சென்று அங்கேயே தங்கிவிட்டவர். என் மாமா 1958ஆம் ஆண்டில் ஹாங்காங்கில் பிறந்தார். அண்மையில் அவர் காலமான பிறகு அவருடைய பெட்டியைத் திறந்து பார்த்தபோது மூன்று பழைய கடவுச்சீட்டுகள் கிடைத்தன. மூன்றுமே பிரிட்டன் வழங்கியவை. ஆனால் ஒவ்வொன்றிலும் அவருடைய நிலை வேறு வேறாக எழுதப்பட்டிருக்கிறது. 1984இல் வழங்கப்பட்டதில் 'பிரிட்டிஷ் சார்புப் பகுதிக் குடிமகன்' என்றும், 1990இல் வழங்கப்பட்டதில் 'பிரிட்டிஷ் தேசியர், கடல்கடந்தவர்' என்றும், 1997ஆம் ஆண்டின் இறுதியில் வழங்கப்பட்டதில் 'பிரிட்டிஷ் குடிமகன்' என்றும் உள்ளது. இந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் மாமா வீடு மாறவில்லை, தொழில் மாறவில்லை, அந்த ஊரை விட்டு வேறெங்கும் குடிபெயரவும் இல்லை. அப்படியிருக்க, அவர் யார் என்பது மட்டும் ஏன் மூன்று முறை மாறியது?

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். மாமாவின் மகளுக்கு 1997இல் முழுமையான பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது, மகனுக்குக் கிடைக்கவில்லை. இருவரும் ஹாங்காங்கில்தான் பிறந்தார்கள். வீட்டில் யாரைக் கேட்டாலும் 'விதி அப்படி' என்பதற்கு மேல் விளக்கம் கிடைப்பதில்லை. சட்டம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சட்டவாசகன்:

வணக்கம் முத்துக்கரை. மாமாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். உங்கள் முதல் கேள்விக்கு இப்போதே விடை சொல்ல முடியும். இரண்டாவதற்கு விடை சொல்ல, இரண்டு பிள்ளைகளும் எந்த ஆண்டில் பிறந்தார்கள், உங்கள் மாமி எங்கே பிறந்தவர், அவரிடம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருந்தது ஆகிய விவரங்கள் வேண்டும், தயவுசெய்து எழுதுங்கள்.

மாமா பிறந்த 1958இல் நடைமுறையில் இருந்தது 1948ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம். அதன்படி லண்டனில் பிறந்தவரும் ஹாங்காங்கில் பிறந்தவரும் 'ஐக்கிய இராச்சியம் மற்றும் குடியேற்றங்களின் குடிமகன்' என்ற ஒரே பெயருக்கு உரியவர்கள். பெயரளவில் மட்டுமல்ல, பிரிட்டனுக்குள் நுழைந்து வாழும் உரிமையும் இருவருக்கும் ஒன்றாகவே இருந்தது. அந்த உரிமையை 1962, 1968, 1971 ஆகிய ஆண்டுகளில் வந்த குடியேற்றச் சட்டங்கள் படிப்படியாகப் பறித்தன. 1968ஆம் ஆண்டுச் சட்டம் கென்யாவிலிருந்த, பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருந்த இந்திய வம்சாவளியினரைத் தடுப்பதற்காகவே சில நாள்களுக்குள் அவசரமாக நிறைவேற்றப்பட்டது. உரிமையைப் பறித்த பிறகு பெயரைப் பிரிக்கும் வேலை எஞ்சியிருந்தது. அதை 1981ஆம் ஆண்டின் சட்டம் செய்தது. 1983 ஜனவரி 1 முதல் அந்த ஒற்றைக் குடியுரிமை மூன்றாக உடைந்தது. பிரிட்டனோடு நேரடித் தொடர்பு உடையவர்கள் 'பிரிட்டிஷ் குடிமக்கள்' ஆனார்கள். ஹாங்காங் போன்ற பகுதிகளோடு தொடர்பு உடையவர்கள் 'சார்புப் பகுதிக் குடிமக்கள்', அதாவது ஹாங்காங்வாசிகள் பி.டி.டி.சி. என்று சுருக்கிச் சொல்லும் நிலைக்கு உரியவர்கள் ஆனார்கள். எதிலும் அடங்காதவர்கள் 'கடல்கடந்த குடிமக்கள்', சுருக்கமாக பி.ஓ.சி. ஆனார்கள். மாமாவின் முதல் கடவுச்சீட்டு இந்தப் பிரிவினைக்குப் பிறகு வந்தது.

இந்தப் பிரிவினையில் விதிவிலக்குகள் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஜிப்ரால்டர்வாசிகள் விண்ணப்பித்தால் முழுக் குடியுரிமை பெறலாம் என்று அதே சட்டம் இடம் வைத்தது. அர்ஜென்டினாவுடனான போருக்குப் பின் 1983இல் பாக்லாந்துத் தீவினருக்குத் தனிச் சட்டம் இயற்றி முழுக் குடியுரிமை அளித்தார்கள். முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பி.டி.டி.சி.க்கள் வாழ்ந்த ஹாங்காங்குக்கு அத்தகைய கதவு எதுவும் திறக்கப்படவில்லை. மக்கள்தொகை பெரிது என்பதே சொல்லப்பட்ட காரணம். ஆனால் சீனர் அல்லாத சிறுபான்மையினர் சில ஆயிரம் பேர் மட்டுமே என்பதால், அவர்கள் விஷயத்தில் அந்தக் காரணம் தொடக்கத்திலிருந்தே பொருந்தவில்லை என்பது என் கருத்து.

1997 ஜூலை 1 அன்று ஹாங்காங்கைப் பிரிட்டன் சீனாவிடம் ஒப்படைக்கும் என்று முடிவு செய்து 1984 டிசம்பர் 19 அன்று பெய்ஜிங்கில் கையெழுத்தான கூட்டுப் பிரகடனத்தோடு இரு அரசுகளும் குடியுரிமை பற்றி ஆளுக்கொரு குறிப்பாணையைப் பரிமாறிக்கொண்டன. பிரிட்டனின் குறிப்பாணை, 1997 ஜூலை 1 முதல் ஹாங்காங்வாசிகளின் பி.டி.டி.சி. நிலை முடிவுக்கு வரும் என்றும், பிரிட்டனில் வாழும் உரிமை இல்லாத வேறொரு நிலையை அவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. சீனாவின் குறிப்பாணை, ஹாங்காங்கின் சீன உடன்பிறப்புகள் எந்தக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் அவர்கள் சீன நாட்டவரே என்று சொன்னது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். ஒன்று கைவிடுகிறது, இன்னொன்று ஏற்றுக்கொள்கிறது, ஆனால் ஏற்றுக்கொள்வது சீனர்களை மட்டுமே. 1841இல் பிரிட்டிஷ் கொடி ஏற்றப்பட்ட காலத்திலிருந்தே அங்கிருந்த இந்தியர்களுக்கும், பார்சிகளுக்கும், கலப்பினத்தவருக்கும், பின்னால் வேரூன்றிய பிறருக்கும் இரண்டு ஆவணங்களிலும் ஒரு வரி கூட இல்லை. அந்த இடைவெளியில்தான் உங்கள் மாமா நின்றார்.

1986ஆம் ஆண்டின் ஆணை அந்தப் புதிய நிலைக்கு பி.என்.ஓ. என்று பெயர் வைத்தது. 1987 ஜூலை முதல் அது வழங்கப்பட்டது. மாமாவின் இரண்டாவது கடவுச்சீட்டு அதுதான். அது தானாகக் கிடைப்பதில்லை, விண்ணப்பித்துப் பெற வேண்டும். பிள்ளைகளுக்குக் கடத்தவும் முடியாது. விண்ணப்பிக்காத ஒருவர் கைமாற்றத்தால் நாடற்றவராகிவிடுவார் என்றால் அவர் பி.ஓ.சி. ஆவார் என்றும், அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாடற்றவராகப் பிறந்தால் அவர்களுக்கும் அதுவே கிடைக்கும் என்றும் அந்த ஆணை கூறியது. நாடற்றவர் எவரும் உருவாகவில்லை என்று உலகத்துக்குச் சொல்ல அது போதுமானதாக இருந்தது. ஆனால் வாழ்வதற்கு உரிமை தராத குடியுரிமையை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்ன செய்ய முடியும்?

சீனா ஏன் ஏற்கவில்லை என்று யாராவது கேட்கக்கூடும் என்பதால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சீனாவின் 1980ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை ஹாங்காங்கில் எப்படிப் பொருத்துவது என்று அந்நாட்டு மக்கள் பேராயத்தின் நிலைக்குழு 1996 மே மாதத்தில் ஒரு விளக்கம் வெளியிட்டது. சீன வம்சாவளியினராக இருந்து, ஹாங்காங் உள்ளிட்ட சீன மண்ணில் பிறந்தவர்கள் சீன நாட்டவர் என்றது அது. மண் மட்டும் போதாது, இரத்தமும் வேண்டும் என்பதே அதன் உட்பொருள். மற்றவர்கள் வேறு குடியுரிமையைத் துறந்து, குடியுரிமை கோரி விண்ணப்பிக்கலாம், முடிவு அதிகாரிகளுடையது. நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: ஹாங்காங் அடிப்படைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சீனர் அல்லாதவர்களுக்கும் நிரந்தர வதிவிட உரிமை தந்தது, ஹாங்காங்கில் மட்டுமே வாழும் உரிமை உடையவர்களை அது தனியாகவே குறிப்பிட்டது. ஆகவே யாரும் அவர்களை வெளியேற்றவில்லை. வதிவிட உரிமை ஓர் ஊரில் இருக்க விடும். அந்த ஊருக்கு வெளியே ஓர் ஆபத்து நேர்ந்தால் உங்களுக்காகப் பேச ஓர் அரசு இருக்க வேண்டும், அதுதான் குடியுரிமை. ஹாங்காங் சிறப்பு நிர்வாகப் பகுதியின் கடவுச்சீட்டு சீனக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது.

கௌலூன்வாசி:

சட்டவாசகன் ஐயா எழுதிய இடைவெளியில் வளர்ந்தவள் நான். 1970இல் கௌலூனில் பிறந்தேன். தந்தை ஓர் அலுவலகத்தில் கணக்கராக இருந்தார். சட்ட விவரங்களோடு, அந்த ஆண்டுகள் உள்ளிருந்து எப்படித் தோன்றின என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

1989இல் பெய்ஜிங்கின் தியனன்மென் சதுக்கத்தில் சீன அரசு போராட்டக்காரர்களை ஒடுக்கிய நிகழ்வுக்குப் பிறகு ஊர் முழுவதும் அச்சம் பரவியது. அதைத் தணிக்க 1990இல் பிரிட்டன் ஒரு சட்டம் இயற்றி, 50,000 குடும்பத் தலைவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் முழுக் குடியுரிமை தர முன்வந்தது. எங்கள் வீட்டிலும் விண்ணப்பப் படிவம் வந்தது. தொழில், வயது, கல்வி, ஆங்கிலப் புலமை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்; ஊருக்குத் தேவையான நிபுணர்களை அங்கேயே தங்கவைப்பது அதன் நோக்கம். 'இவருக்கு வேறு நாடு இல்லை' என்பதற்கு அந்தப் படிவத்தில் மதிப்பெண்ணே இல்லை. அப்பா இரவில் மேசையில் அமர்ந்து மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் படிவத்தை மடித்து வைத்த காட்சி இன்னும் என் நினைவில் இருக்கிறது.

போராட்டம் பற்றியும் யாராவது எழுத வேண்டும். சீனர் அல்லாத எங்கள் சிறுபான்மைச் சமூகத்தின் பெரியவர்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாக மனு எழுதினார்கள், லண்டனுக்குச் சென்று பேசினார்கள். பிரபுக்கள் அவையில் ஏவ்பரி பிரபு சலிக்காமல் இதை எழுப்பிக்கொண்டே இருந்தார். 1986இல் கிடைத்த வாக்குறுதி, நெருக்கடி ஏற்பட்டால் அவர்களுடைய கோரிக்கை பரிவோடு பரிசீலிக்கப்படும் என்பதுதான். 1996 மார்ச்சில் ஹாங்காங் வந்த பிரதமர் ஜான் மேஜர், வெளியேறும் நெருக்குதல் வந்தால் பிரிட்டனில் நுழைந்து குடியேற உறுதியான உரிமை உண்டு என்று அந்த வாக்குறுதியை வலுப்படுத்தினார். ஆளுநர் கிறிஸ் பேட்டன் முழுக் குடியுரிமையே தரலாம் என்ற கருத்துடையவர். உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹவர்டு நீண்ட காலம் உடன்படவில்லை. பிறகு 1997 பிப்ரவரி 4 அன்று அரசு தன் நிலையை மாற்றிக்கொண்டது. வில்லோபி டி புரோக் பிரபு தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தது மார்ச் 19 அன்று சட்டமானது. கைமாற்றத்துக்கு மூன்றரை மாதங்களே இருந்தன. அன்று மாலை எங்கள் குடியிருப்பில் பெரியவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்தேன். லண்டனுக்குப் போகப்போகிறோம் என்பதற்காக அல்ல. பெரும்பாலோர் ஹாங்காங்கிலேயே இருந்துவிட்டார்கள். நம்மைத் தன்னுடையவர் என்று சொல்ல ஒரு நாடு இருக்கிறது என்பதற்காக.

அருகிலேயே ஏறக்குறைய ஒரு மணி நேரக் கப்பல் தூரத்தில் உள்ள, அப்போது போர்ச்சுகல் ஆண்ட மக்காவில் போர்ச்சுகல் வேறு விதமாக நடந்துகொண்டது என்பதை அப்போது எல்லோரும் அறிந்திருந்தோம். 1981 நவம்பர் 20க்கு முன் மக்காவில் பிறந்தவர்களை, சீனரா அல்லவா என்று பாராமல், போர்ச்சுகல் தன் முழுக் குடிமக்களாகவே வைத்துக்கொண்டது. அந்த ஒப்பீடு எங்களுக்கு மிகவும் வலித்தது.

தேயிலைச்சாரல்:

மலையகத்திலிருந்து எழுதுகிறேன். இந்த உரையாடலை வாசிக்கும்போது எங்கள் பாட்டன் பாட்டிமாரின் கதையே நினைவுக்கு வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களை ஒரே நாளில் அந்நியராக்கியது. 1964இல் இரு பிரதமர்களும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று பங்கிட்டுக்கொண்டார்கள். பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஆயினும் ஹொங்கொங்கின் நிலையை எங்களுடையதோடு அப்படியே பொருத்திவிட முடியாது என்று நினைக்கிறேன். எங்களைப் புறக்கணித்தது புதிதாகச் சுதந்திரமடைந்த அரசு. பிரித்தானியா அப்போது வெளியேறியிருந்தது. ஹொங்கொங்கிலோ வெளியேறிக்கொண்டிருந்த ஆட்சியே சட்டத்தை எழுதியது. எழுதுகோல் கடைசி நாள் வரை அதன் கையில் இருந்தது. இன்னொரு ஒற்றுமை மட்டும் உண்டு: இரண்டு இடங்களிலும் 'உனக்கு வேறு நாடு இருக்கிறது' என்று சொல்வதற்கு வம்சாவளி போதுமானதாக இருந்தது, இந்த நாடு உன்னுடையது என்று சொல்வதற்கு மட்டும் பிறப்பும் உழைப்பும் போதவில்லை. 2003இல்தான் எங்கள் பாராளுமன்றம், நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

முத்துக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கௌலூன்வாசி அக்கா எழுதியதைப் படித்த பிறகு, பெட்டியில் மாமா பத்திரப்படுத்தியிருந்த 1996ஆம் ஆண்டு மனு நகல்களை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அவை எதற்காக என்று இப்போதுதான் புரிகிறது.

சட்டவாசகன் ஐயா கேட்ட விவரங்கள்: மாமி காயல்பட்டினத்தில் பிறந்தவர், இன்று வரை இந்தியக் கடவுச்சீட்டுதான் வைத்திருக்கிறார். மகள் 1986இல் பிறந்தாள், மகன் 1993 ஜூன் மாதத்தில் பிறந்தான். மகனிடம் இப்போது இந்தியக் கடவுச்சீட்டும் ஹாங்காங் நிரந்தர அடையாள அட்டையும் உள்ளன. தன் குடும்பத்தில் தந்தையும் அக்காவும் ஒரு நாடு, தானும் தாயும் ஒரு நாடு என்று அவன் வருந்துவது உண்டு.

சட்டவாசகன்:

நீங்கள் தந்த இரண்டு பிறந்த ஆண்டுகளிலேயே விடை இருக்கிறது. அந்த விடை பிரிட்டிஷ் சட்டத்தில் இல்லை, இந்தியச் சட்டத்தில் இருக்கிறது என்பதுதான் இதில் வியப்பு.

1997ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாச் சிறுபான்மையினருக்கும் குடியுரிமை தரவில்லை. 1997 பிப்ரவரி 4க்கு உடனடி முன்பு ஹாங்காங்கில் வழக்கமாக வசித்தவராக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவரிடமிருந்த பிரிட்டிஷ் நிலையை நீக்கிப் பார்த்தால் அவர் நாடற்றவராக எஞ்ச வேண்டும். அதாவது, தன்னை வேறு எந்த நாடும் ஏற்காது என்பதை விண்ணப்பதாரர் நிறுவ வேண்டும். ஒருவர் எந்த நாட்டின் குடிமகன் என்பதை அந்தந்த நாட்டின் சட்டமே தீர்மானிக்கும் என்பதால், பிரிட்டிஷ் அதிகாரி இந்தியச் சட்டப் புத்தகத்தைத் திறந்துதான் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

முதலில் மாமாவை எடுத்துக்கொள்வோம். பாட்டனார் இந்தியக் குடிமகனாகவே இருந்திருந்தால், 1958இல் பிறந்த மாமா வம்சாவளியால் இந்தியக் குடிமகனும் ஆவார். ஆனால் இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவும் 1956ஆம் ஆண்டு விதிகளும், வேறு நாட்டின் கடவுச்சீட்டைப் பெறுவதே அந்நாட்டுக் குடியுரிமையைத் தாமாக ஏற்றதற்கு முடிவான சான்று என்று சொல்கின்றன. அந்த விதி செல்லும் என்று 1962இல் இந்திய உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. எனவே பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வாங்கிய மாமாவிடம் இந்தியக் குடியுரிமை எஞ்சவில்லை. 1997இல் அவர் தகுதி பெற்றார்.

மகள் பிறந்த 1986இல் வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை இந்தியக் குடியுரிமை பெறுவதற்குத் தந்தை இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்றே சட்டம் சொன்னது. தாய் காயல்பட்டினத்துக்காரர், இந்தியக் கடவுச்சீட்டு உடையவர். ஆனால் அன்றைய சட்டத்தின் கண்ணில் தாய் கணக்கில் வரவில்லை. எனவே மகள் இந்தியரும் அல்லர், சீனரும் அல்லர். பிரிட்டிஷ் நிலையை நீக்கினால் அவளிடம் எதுவும் இல்லை. ஆகவே குடியுரிமை கிடைத்தது.

1992இல் இந்தியா அந்தச் சட்டத்தைத் திருத்தியது. டிசம்பர் 10 முதல் தாய் தந்தை இருவரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தாலே போதும் என்றானது. பெண்களுக்கு இழைக்கப்பட்டு வந்த ஓர் அநீதியைச் சரிசெய்த, எல்லா வகையிலும் வரவேற்கத்தக்க திருத்தம் அது. அதற்கு ஆறு மாதங்கள் கழித்துப் பிறந்த மகன், பிறந்த கணத்திலேயே தாயின் வழியாக இந்தியக் குடிமகனாகிவிட்டான். யாரும் விண்ணப்பிக்கவில்லை, யாரும் அவனைக் கேட்கவும் இல்லை. 1997இல் அவனை நாடற்றவன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அந்தக் குடியுரிமையைத் துறந்துவிட்டு விண்ணப்பித்திருக்கலாமே என்று தோன்றக்கூடும். அதற்கும் வழி இல்லை. இந்தியச் சட்டத்தின்படி குடியுரிமையைத் துறக்க வயது வந்திருக்க வேண்டும். அவனுக்கு அப்போது மூன்று வயது. மேலும் பிப்ரவரி 4 என்ற அந்த நாள், அறிவிப்பைக் கேட்ட பிறகு யாரும் வேறு குடியுரிமையைத் துறந்துவிட்டு வரிசையில் நிற்கக் கூடாது என்பதற்காகவே வைக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி எந்தச் சிறுவரையும் உள்துறை அமைச்சர் தம் விருப்புரிமையால் பதிவு செய்ய முடியும். ஆனால் அது உரிமை அல்ல, கேட்டுப் பெறும் சலுகை, பதினெட்டு வயதோடு முடிந்துபோவது.

பின்னர் வந்த திருத்தங்கள் அவனுக்கு உதவுமா என்று அவன் கேட்கக்கூடும். 2002ஆம் ஆண்டுச் சட்டம், வேறு குடியுரிமை இல்லாத பி.ஓ.சி.க்களுக்கு முழுக் குடியுரிமைக்கான உரிமையைத் தந்தது, ஆனால் பி.என்.ஓ.க்களை விட்டுவிட்டது. இதனால் 1997க்கு முன் பொறுப்போடு விண்ணப்பித்து பி.என்.ஓ. வாங்கியவர், எதுவும் செய்யாமலிருந்து பி.ஓ.சி. ஆனவரைவிடப் பின்தங்கிய நிலைக்குத் தள்ளப்பட்டார். அந்தப் பிழையை 2009ஆம் ஆண்டுச் சட்டம்தான் திருத்தியது. இரண்டு சட்டங்களுமே வேறு குடியுரிமை இல்லை என்ற அதே நிபந்தனையைக் கேட்பவை என்பதால், இந்தியக் கடவுச்சீட்டு உடைய உங்கள் மாமா மகனுக்கு அவை பயன்படமாட்டா. அவனுக்கு இருப்பது மற்ற எல்லோருக்கும் உள்ள பொதுவான குடியேற்ற வழிகளே.

மகளைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதிவு பெற்றவர்கள், தாம் ஹாங்காங்கில் பிறந்ததால் பி.டி.டி.சி. ஆனவர்கள் என்றால், வம்சாவளியால் அல்லாத முழுக் குடிமக்களாகவே கருதப்படுவார்கள். எனவே அவளுடைய பிள்ளைகள் உலகில் எங்கே பிறந்தாலும் பிறப்பிலேயே பிரிட்டிஷ் குடியுரிமை பெறுவார்கள். அதை நிறுவ அவளுக்குத் தேவைப்படுவது கடவுச்சீட்டு அல்ல, 1997இல் வழங்கப்பட்ட பதிவுச் சான்றிதழும் ஹாங்காங் பிறப்புச் சான்றிதழும்தான். மாமாவின் பெட்டியில் அந்த மனு நகல்களோடு அவையும் இருக்க வாய்ப்பு அதிகம். எதையும் அப்புறப்படுத்துவதற்கு முன் ஒவ்வொரு உறையையும் திறந்து பாருங்கள்.